முட்டையை மட்டும் அறியும் பறவை

சவூதி,
10.12.2004

அன்புள்ள நஸீறா ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். தம்பி முனாப் எழுதுவது. அல்லாஹ்வின் கிருபையால் நான் சுகம். நீங்களும் மஜீட் மச்சானும், நான் இன்னும் கண்ணால் காணாத என் மருமகள் ஸாலிஹாவும் சுகமாக இருக்க வேண்டும் என்று ஐந்து நேரமும் துஆக் கேட்கிறேன்.

ஒட்டகம் மேய்க்கப் போனாயா, கோழி மேய்க்கப் போனாயா என்று கேட்டிருந்தீர்கள். கோழிதான். ஆனால் என் தலைக்கு மேலே ஒரு முழம் உயர்ந்து நிற்கும் கோழி. காலில் இரண்டே விரல். உதைத்தால் ஆள் முடிந்தது. தீக்கோழி நெருப்புத் தின்னுமா என்று பக்கத்து வீட்டு ஹஸீனா மாமி கேட்டதாக எழுதியிருந்தீர்கள். நெருப்பைத் தவிர மற்றதெல்லாம் தின்னும் என்று சொல்லுங்கள். நேற்று என் சட்டைப் பொத்தானைக் கொத்தி விழுங்கிவிட்டது. அதற்குப் பல் இல்லை, வயிற்றுக்குள் கிடக்கும் கல்தான் தீனியை அரைக்கிறது. தலையை மண்ணுக்குள் புதைக்கும் என்று பாடசாலையில் படித்தோமே, அது சுத்தப் பொய். பயந்தால் கழுத்தைத் தரையோடு நீட்டிப் படுத்துவிடும். தூரத்தில் பார்த்தால் மண்மேடு மாதிரி இருக்கும்.

இதை மட்டும் மச்சானுக்குச் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். பகலில் சாம்பல் நிறப் பெட்டை அடைகாக்கும். பொழுதுபட்டால் கறுப்புச் சேவல் வந்து உட்காரும், விடியும் வரை எழும்பாது. நாற்பத்திரண்டு நாளும் இப்படித்தான். பிள்ளை அழுதால் பாயைச் சுருட்டிக்கொண்டு வாசலுக்குப் போகிற மனிசனுக்கு இது உறைக்க வேண்டும்.

இங்கே போன் வேலை செய்வதில்லை. மேற்பார்வை பார்க்கும் சூடான்காரர் பட்டணத்துக்குப் போகும்போதுதான் கடிதமும் போகும். பெருநாளுக்கு முன் ஸாலிஹாவின் படம் ஒன்று அனுப்புங்கள். எல்லோருக்கும் என் சலாம்.

இப்படிக்கு,
தம்பி முனாப்


காத்தான்குடி, பாடசாலை முகாம்,
06.02.2005

அன்புத் தம்பி முனாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உன் சுகத்துக்கு அல்லாஹ் போதுமானவன். என் சுகத்தை என்னவென்று எழுத?

முகாமைப் பார்த்துக்கொள்ளும் உசனார் காக்கா உன் முதலாளியின் போனுக்கு எடுத்து உனக்குச் சொன்னதெல்லாம் உண்மை. மச்சான் கடல் பொங்கின அன்று காலை மீன் வாங்கவென்று கடற்கரைக்குப் போனவர். இன்னும் கிடைக்கவில்லை. நான் ஸாலிஹாவை இடுப்பில் வைத்துக்கொண்டு ஓடினேன். தண்ணீர் கழுத்தளவு வந்தபோது பிள்ளை கையில் இருந்தது. பிறகு இல்லை. மறுநாள் கண்டெடுத்து மையவாடியில் அடக்கினார்கள். மையவாடிக்குள் பெண்கள் போவதில்லையே, அதனால் நான் இடத்தைக்கூடப் பார்க்கவில்லை.

மச்சான் மௌத்து, இனி வரமாட்டார் என்று முடிவு கட்டி, இப்போது இத்தாவில் இருக்கிறேன். நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களின் கண்ணில் படாமல் இருக்க வேண்டும். வகுப்பறை மூலையில் ஒரு பச்சைச் சேலையைக் கட்டித் தந்திருக்கிறார்கள். அதற்குள்தான் நான்.

போனில் சொல்லாத ஒன்று இருக்கிறது. மூன்றாம் நாள் எனக்குப் பால் கட்டி, நெஞ்சு கல்லாகிவிட்டது. வலியில் சுவரில் தலையை முட்டிக்கொண்டிருந்தேன். உசனார் காக்கா சேலைக்கு வெளியே நின்று ஒரு துணி மூட்டையை உள்ளே நீட்டினார். "தங்கச்சி, ஆத்துப்பக்கம் கண்ணா மரப் பத்தைக்குள்ள கிடந்திச்சி. உசிரு இரிக்கி. முதல்ல பாலக் குடுங்க, பொறகு பாப்பம்" என்றார். ஒரு பெண் குழந்தை. என் மகளின் வயதுதான் இருக்கும். கொடுத்தேன். அவள் குடித்த வேகத்தில் எனக்கு உயிர் போய் வந்தது.

அவளுக்கும் ஸாலிஹா என்றே பெயர் வைத்துவிட்டேன். என்னைப் பைத்தியம் என்று நினைக்காதே.

உன் ராத்தா,
நஸீறா


சவூதி,
12.03.2005

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நான் சுகம் என்று எழுதக் கூச்சமாக இருக்கிறது. இங்கே ஒரு சுள்ளி விறகுகூட நனையவில்லை.

மச்சானைக் கேலி செய்து எழுதிய என் கடிதம் உங்களுக்கு எப்போது கிடைத்தது? அலைக்கு முன்னா, பின்னா? பின்னாக இருந்தால் அதைக் கிழித்துப் போடுங்கள். முதலாளியிடம் லீவு கேட்டேன். என் பாஸ்போட் அவருடைய பெட்டிக்குள் இருக்கிறது. பொரிப்புக் காலம் முடியட்டும் என்று சொல்லிவிட்டார்.

உங்களைப் பைத்தியம் என்று நான் ஏன் நினைக்கிறேன்? இந்தப் பறவைகளிடம் ஒரு வழக்கம் உண்டு. குஞ்சுகளோடு மேயும் இரண்டு சோடிகள் வழியில் சந்தித்தால் குஞ்சுகள் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். பிறகு ஒரு சோடிதான் அவ்வளவையும் வளர்க்கும். போன வாரம் ஒரு சேவலின் பின்னால் முப்பத்தெட்டுக் குஞ்சுகள் போயின. அத்தனையும் அதன் குஞ்சுகளாக இருக்க முடியாது. வெயில் ஏறியதும் இறக்கையை விரித்து எல்லாவற்றுக்கும் ஒரே நிழலைத்தான் கொடுத்தது. தனிக் குஞ்சு இங்கே பிழைப்பதில்லை. தீனி இருந்தாலும் தின்னாது, நின்ற இடத்திலேயே நின்று நாலைந்து நாளில் செத்துப்போகும். நீங்கள் எடுத்திராவிட்டால் அந்தப் பிள்ளையும் அப்படித்தான் போயிருக்கும்.

ஒன்றே ஒன்று கேட்க வேண்டும். யாராவது தேடி வந்தார்களா? தாய் உயிரோடு இருக்கலாம். இன்னொரு முகாமில் நெஞ்சு கட்டி அழுதுகொண்டிருக்கலாம். விசாரித்துப் பாருங்கள்.

மருமகளுக்கு என் முத்தம்.

தம்பி முனாப்


காத்தான்குடி,
20.06.2005

அன்புத் தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நானும் ஸாலிஹாவும் சுகம். இத்தா முடிந்துவிட்டது. தகரக் கொட்டில் ஒன்று தந்திருக்கிறார்கள், பகலில் அடுப்பு மாதிரிக் கிடக்கும்.

நீ கேட்டதற்குப் பதில்: யாரும் வரவில்லை.

மௌலவியிடம் கேட்டேன். ஐந்து தரம் வயிறு நிறையப் பால் கொடுத்தாலே பால்குடிப் பிள்ளை ஆகிவிடுமாம், தாய் முறைதானாம். நான் ஐந்து தரமா கொடுத்தேன்? கணக்கே இல்லை. என் மகளின் பிறப்புப் பத்திரம் பெட்டியோடு மிதந்து கிடந்து கிடைத்தது. அதையே இவளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று உசனார் காக்காவும் சொல்கிறார்.

தவழ்கிறாள். கோபம் வந்தால் புருவத்தைச் சுளிப்பாள், பார்த்தால் சிரிப்பு வரும்.

உன் தீக்கோழிக்குத் தன் குஞ்சு எது, பிறத்தியார் குஞ்சு எது என்று தெரியுமா? சும்மாதான் கேட்கிறேன்.

உடம்பைக் கவனித்துக்கொள்.

ராத்தா நஸீறா


சவூதி,
15.08.2005

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உங்கள் கடிதம் கண்டு ஆறுதல் அடைந்தேன். இருமல் இருந்தது, இப்போது பரவாயில்லை. நீங்கள் தகரத்துக்குள் கிடந்து வேகிறீர்களே என்றுதான் கவலை.

உங்கள் கேள்வியைச் சூடான்காரரிடம் கேட்டேன். அவர் ஒரு கூட்டைக் கொண்டுபோய்க் காட்டினார். ஒரு குழிக்குள் நாலைந்து பெட்டைகள் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். அடைகாப்பது மூத்த பெட்டை ஒன்றுதான். அது இருபது முட்டைக்கு மேல் மூட முடியாது. அப்போது என்ன செய்யும் தெரியுமா? தன் முட்டைகளை நடுவில் வைத்துக்கொண்டு, மற்றவற்றை அலகால் உருட்டி வெளியே தள்ளிவிடும். எனக்கு எல்லா முட்டையும் ஒரே மாதிரித்தான் தெரிகிறது. அது பிழை விடுவதே இல்லை. ஓட்டில் இருக்கும் சின்னச் சின்னத் துளைகளைப் பார்த்து அறிகிறதாம்.

ஆனால் பொரித்த பிறகு அந்த அறிவு எங்கேயோ போய்விடும். எந்தக் குஞ்சு வந்து நின்றாலும் ஒன்றுதான். முட்டையை அறியும், குஞ்சை அறியாது. இது என்ன நியாயம் என்று கேட்டேன். அவர் வெளியே கிடந்த முட்டைகளைப் பொறுக்கப் போய்விட்டார்.

யாரும் வரவில்லை என்றால் அல்லாஹ் உங்களுக்குத்தான் தந்திருக்கிறான். மனதைப் போட்டு அலைக்காதீர்கள்.

தம்பி முனாப்


சவூதி,
12.04.2007

அன்புள்ள ராத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். மூன்று கடிதம் போட்டேன், பதில் இல்லை. சுகமா, சுகமில்லையா என்று ஒரு வரியாவது எழுதக் கூடாதா? உசனார் காக்கா மௌத்தான செய்தியைக்கூட ஊர்க்காரர் ஒருவர் சொல்லித்தான் அறிந்தேன்.

இங்கே பறவைக் காய்ச்சல் என்று சொல்லி எங்கள் பண்ணையில் எல்லாவற்றையும் சுட்டுவிட்டார்கள். விடியும் முன்னே வந்து, ஓடினவற்றைத் துரத்திச் சுட்டார்கள். அடையில் இருந்த ஒரு சேவல் மட்டும் எழும்பவில்லை. கழுத்தைத் தரையில் நீட்டிக்கொண்டு அப்படியே கிடந்தது. பொரிக்கப் போகிற முட்டைகள் அவை, உள்ளேயிருந்து குஞ்சுகள் கத்துவது கேட்டது. அதையும் சுட்டார்கள். குழி வெட்டி மூடும் வேலை எனக்கு.

இனி முதலாளியின் வேறொரு பண்ணையில் வேலை. ஊருக்கு விடுகிற எண்ணம் அவருக்கு இல்லை. ஸாலிஹா பேசுகிறாளா? மாமா என்று சொல்லப் பழக்குங்கள்.

தம்பி முனாப்


காத்தான்குடி,
18.03.2009

அன்புத் தம்பி முனாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமாக இருக்க வேண்டும். ஸாலிஹா சுகம். எனக்குத்தான் தூக்கமும் இல்லை, சாப்பாடும் இல்லை.

வன்னியில் நடக்கிறதை ரேடியோவில் கேட்கிறாயா? சனமெல்லாம் கடற்கரையில் ஒரு துண்டு மண்ணுக்குள் நெருக்குப்பட்டுக் கிடக்கிறதாம். செய்தி தொடங்கினால் நான் ரேடியோவை நிறுத்துகிறேன், கை பொறுக்காமல் திரும்பவும் போடுகிறேன். ஏன் என்று கேள்.

நான்கு வருடத்துக்கு முன் உனக்குப் பொய் எழுதினேன். தாய் வந்தாள்.

அலை வந்து பதினேழாம் நாள். முகாம் முகாமாகத் தேடிக்கொண்டு வந்திருந்தாள். வாசலில் நின்ற பெடியன்மார், "அதுக்குள்ள இத்தாவில இரிக்கிற பொம்பிள. ஆம்பிளயள் போக ஏலாது. நீங்க வேணுமெண்டா சேலைய விலக்கிப் பாருங்க" என்று சொன்னார்கள். பிள்ளை என் மடியில் பால் குடித்துக்கொண்டிருந்தாள்.

"வேணாம். அவங்கட முறைய நான் ஏன் கெடுக்க? இதில நிண்டு கேக்கிறன்" என்றாள் அவள். பிறகு சேலைக்குக் கிட்ட வந்து, "அக்கா, நான் நாவலடிச் சுலோஜனா. அஞ்சு மாதப் பொம்பிளப் பிள்ளை. அரையில கறுப்பு நூலும் ஒரு வெள்ளிச் சலங்கையும். கண்டீங்களா?" என்று கேட்டாள்.

அந்த நூலை நான் அறுத்துப் பாய்க்கு அடியில் வைத்திருந்தேன். அறுத்த அன்றைக்கே இது முஸ்லிம் பிள்ளை இல்லை, தமிழ்ப் பிள்ளை என்று எனக்குத் தெரியும். நான் கையை நீட்டியிருந்தால் அந்தச் சேலை விலகியிருக்கும் தம்பி. "இல்ல" என்றேன்.

அவள் போகவில்லை. "உங்கட பிள்ளையும் போயிற்று எண்டு சொன்னாங்க. அழாதீங்க அக்கா" என்று சேலைக்கு அந்தப் பக்கம் நின்று எனக்கு ஆறுதல் சொன்னாள். ஒரு கடதாசித் துண்டைக் கீழால் தள்ளினாள். ஏதும் கேள்விப்பட்டால் எழுதச் சொல்லி அவளுடைய அண்ணனின் விலாசம். உதயரூபன், பழைய கல்லடி வீதி, கல்லடி. இங்கிருந்து பஸ்ஸில் கால் மணி நேரம்.

இரண்டு மாதம் கழித்து உசனார் காக்கா, "அந்தப் பொம்பிள புருசன்ட ஊருக்குப் போயிட்டாவாம், வன்னிக்கு" என்று சொன்னார். அன்று நான் இரண்டு ரக்அத் சுக்ரானாத் தொழுதேன். நன்றி சொல்லித் தொழுதேன் தம்பி. இப்போது அவள் அந்த மண்ணுக்குள் கிடக்கிறாள்.

நஸீறா


சவூதி,
09.04.2009

ராத்தாவுக்கு,

ஸலாம். நான் சுகம்.

உங்கள் கடிதத்தை நாலு தரம் வாசித்தேன். கோபத்தில் எழுதக் கூடாது என்று ஒரு கிழமை பொறுத்தேன். கோபம் போகவில்லை.

குஞ்சுகள் கலப்பதைப் பற்றி அன்று நான் உங்களுக்குப் பாதிதான் எழுதினேன். மற்றப் பாதி நல்லாயில்லை என்று விட்டுவிட்டேன். அந்தச் சோடிகள் சந்திக்கும்போது சண்டை பிடிக்கும். வென்றது தோற்றதை விரட்டிவிட்டுக் குஞ்சுகளைப் பறித்துக்கொள்ளும். அன்பினால் இல்லை. கூட்டம் பெரிதாக இருந்தால் கழுகு தூக்குவது பிறத்தியார் குஞ்சாக இருக்கும், தன்னுடையது தப்பும், அவ்வளவுதான். நான் எழுதியதை வைத்து உங்கள் மனச்சாட்சிக்குத் தாலாட்டுப் பாடிவிட்டீர்கள்.

நீங்கள் பால் கொடுத்ததை யாரும் அழிக்க முடியாது. பால்தாய் என்றால் பெற்ற தாயை மறைக்கலாம் என்று எந்த மௌலவி சொன்னார்? அவள் உங்கள் இத்தாவை மதித்துச் சேலையைத் தொடாமல் நின்றாள். அதை நினைக்கத்தான் எனக்கு உடம்பெல்லாம் எரிகிறது.

கல்லடிக்கு எழுதுங்கள். அவள் உயிரோடு இருந்தால் அண்ணனுக்குத் தெரிந்திருக்கும். அடுத்த மாதம் முடிவதற்குள் நீங்கள் எழுதாவிட்டால் நான் எழுதுவேன். விலாசம் இப்போது என்னிடமும் இருக்கிறது.

பிள்ளையைத் திட்டாதீர்கள். அவள் ஒரு பாவமும் அறியாதவள்.

முனாப்


காத்தான்குடி,
29.05.2009

தம்பிக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சண்டை முடிந்துவிட்டது. வெடி கொளுத்துகிறார்கள்.

கல்லடிக்கு எழுதிவிட்டேன். தபாலில் போட்டுவிட்டேன். நீ எழுத வேண்டாம்.

நஸீறா


வவுனியா, முகாம்,
22.09.2009

அன்புள்ள நஸீறா அக்காவுக்கு,

வணக்கம். நீங்கள் நல்ல சுகத்துடன் இருக்கக் கடவுளை வேண்டுகிறேன். நான் இருக்கிறேன். உங்கள் கடிதத்தை அண்ணா இங்கே கொண்டுவந்து தந்தார். கம்பிக்கு இந்தப் பக்கம் நின்று வாசித்தேன்.

என் பிள்ளை உங்கள் கையில் ஆறு நாள் இருந்தாள் என்றும், பால் கொடுத்தும் பிழைக்கவில்லை என்றும், உங்கள் மகளின் பக்கத்திலேயே அடக்கம் செய்தீர்கள் என்றும் எழுதியிருந்தீர்கள். அன்று என்னிடம் சொல்ல வாய் வரவில்லை, மன்னித்துக்கொள் என்றும் எழுதியிருந்தீர்கள். எனக்கு உங்கள் மேல் கோபம் இல்லை அக்கா. நானாக இருந்தாலும் சொல்லியிருக்க மாட்டேன்.

பிள்ளை இல்லாத ஊரில் என்ன இருப்பு என்று அவர் சொல்லித்தான் வன்னிக்குப் போனோம். அங்கே தனுஷியா பிறந்தாள். மூன்று வயது. சித்திரை மாதம் பங்கர்க் குழிக்குள் செல் குண்டு விழுந்தது. அவளை அவர் உடுத்திருந்த சாரத்தால் சுற்றி மண்ணைத் தள்ளிவிட்டு ஓடினோம். எந்த இடம் என்று கேட்டால் எனக்குக் காட்டத் தெரியாது. அவர் எங்கே என்றும் தெரியாது.

இரண்டு பிள்ளைக்கும் இடம் இல்லை என்றுதான் இவ்வளவு நாளும் இருந்தேன். மூத்தவளுக்கு ஒரு இடம் இருக்கிறது என்று நீங்கள் எழுதியதை நெஞ்சில் வைத்துக்கொண்டு படுக்கிறேன். கார்த்திகையில் எங்களை விடுவார்களாம். விட்டதும் முதலில் உங்களிடம்தான் வருவேன். அந்த இடத்தை ஒரு தரம் பார்க்க வேண்டும்.

உங்கள் காலைத் தொட்டுக் கும்பிடும்,
சுலோஜனா


காத்தான்குடி,
03.12.2009

தம்பி முனாபுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். சுலோஜனாவின் கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். முதலில் அதை வாசி. நான் அவளுக்கு என்ன எழுதினேன் என்பது அதில் இருக்கிறது.

உண்மையைத்தான் எழுத உட்கார்ந்தேன். "உங்கள் பிள்ளை" என்ற இரண்டு சொல்லும் எழுதியாயிற்று. அப்போது ஸாலிஹா வந்து மடியில் ஏறிக் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். மூன்றாவது சொல் வேறாகிவிட்டது.

போன திங்கட்கிழமை அவள் வந்தாள். எலும்பும் தோலும். மையவாடி மதிலுக்கு வெளியே கூட்டிக்கொண்டு போனேன். பெண்கள் உள்ளே போவதில்லை என்றேன். "உங்கட முறைப்படியே நிக்கிறன் அக்கா" என்றாள். எந்தப் பக்கம் என்று கேட்டாள். எனக்கே தெரியாது. ஒரு வேப்ப மரத்தைக் காட்டினேன். மதிலைப் பிடித்துக்கொண்டு அந்த மரத்தைப் பார்த்து ஒரு மணி நேரம் அழுதாள். சலங்கையைக் கையில் கொடுத்தேன். கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்ததும் ஸாலிஹா ஒரு கும்பாவில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். அதே புருவம் தம்பி, இரண்டு பேருக்கும். கண்டுபிடித்துவிடுவாள் என்று நடுங்கினேன். கண்டுபிடியேன், கண்டுபிடியேன் என்றும் உள்ளுக்குள் கெஞ்சினேன். கண்டுபிடித்திருந்தால் காலில் விழுந்திருப்பேன், பிள்ளையைக் கொடுத்திருப்பேன். சத்தியமாகக் கொடுத்திருப்பேன்.

"ஆருட பிள்ளை அக்கா?" என்று கேட்டாள்.

"தம்பிட மகள். அவரு வெளிநாட்டில, நான்தான் வளக்கிறன்" என்று சொல்லிவிட்டேன். உன் பெயரையும் பொய்க்கு இழுத்துவிட்டேன்.

"எத்தினை வயசு?"

"அஞ்சு."

"என்ட மூத்தவளுக்கும் அஞ்சு நடந்திருக்கும்" என்றாள். தலையைத் தடவி, "நீ நல்லா இருக்கோணும் மகள்" என்று சொல்லிக் கும்பாவைத் திருப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான்.

பஸ்ஸில் ஏற்றிவிட்டு நானும் ஸாலிஹாவும் நடந்து வந்தோம்.

"உம்மா, அந்த மாமி ஏன் அழுதா?" என்று கேட்டாள்.

"அவங்கட புள்ள மௌத்தாப் போயிட்டு" என்று சொன்னேன்.

நஸீறா